பெண் கேட்காத வீட்டுக்கு 550 மைல்

சிட்னியிலிருந்து மெல்போர்னுக்குக் காரில் போகலாமா, எங்கே தங்கலாம் என்று போன மாதம் இந்த வலைப்பூவில் மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். இப்போது நெடுகிலும் இரட்டைச் சாலை. காலையில் இட்லி சாப்பிட்டுக் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். இதில் நான் எழுத என்ன இருக்கிறது? அதனால் 1974 மார்ச்சில் புனித பத்திரிசியார் திருநாளுக்காக நானும் என் கணவரும் போய்வந்த பயணத்தை எழுதுகிறேன். அப்போது அது ஒற்றைச் சாலை, போக 550 மைல். ஆனாலும் சாலையைவிட, போய்ச் சேரவேண்டிய வீடுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள், கத்தோலிக்கர்கள். என் கணவர் சவரிக்கு செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எனக்குப் பரமட்டாவுக்குப் பக்கத்து மருத்துவமனையில் நர்ஸ் வேலை. என் தங்கை ரீட்டாவும் நர்ஸ்தான், மெல்போர்னில். அவள் வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை, டிராம் ஓட்டும் டெஸ்மண்ட் ஹோகன் என்ற ஐரிஷ் வம்சத்துப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று ஊருக்குக் கடிதம் போட்டுவிட்டாள். கழுதை, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேராக அப்பாவுக்கே எழுதியிருக்கிறாள்.

அப்பா குதிக்கவில்லை. பையன் கத்தோலிக்கனா, வேலை நிரந்தரமா, குடிப்பானா என்று மூன்று கேள்விதான் கேட்டார். "அளவாகக் குடிப்பார்" என்று ரீட்டா பதில் எழுதினாள். ஆனால் ஒரு விஷயத்தில் அப்பா பிடித்த பிடியை விடவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் தன் வாயால் பெண் கேட்க வேண்டும். டெஸ்மண்டுக்கு அப்பா இல்லை, ஆகவே அம்மா கேட்க வேண்டும். நவம்பரில் மகன் அம்மாவிடம் கல்யாண விஷயத்தைச் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு நாலு மாதமாக அந்த அம்மாள் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் சாப்பிடப் போகும் ரீட்டாவிடம் "உப்பை இங்க தள்ளு" என்பதற்கு மேல் பேசியதும் இல்லை.

அப்பாவிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. "பதினேழாம் தேதி பத்திரிசியார் திருநாள் விருந்துக்கு உங்களை அழைத்திருக்கிறார்களாம். நீயும் மருமகனும் போங்கள். அந்தத் தாயார் வாய் திறந்து கேட்டால் எனக்குச் சம்மதம் என்று சொல். கேட்காவிட்டால் ரீட்டாவைக் கையோடு சிட்னிக்கு அழைத்து வந்துவிடு. கேட்காத வீட்டுக்கு என் மகள் வாழப் போக வேண்டாம்." ரீட்டாவிடம் போனில் வாசித்துக் காட்டினேன். அழுதாள், ஆனால் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அப்பா பேச்சைத் தட்டி எங்கள் இரண்டு பேருக்குமே பழக்கமில்லை.

அழுது முடித்துவிட்டு, "அக்கா, ஆரஞ்சு கலர் சேலை மட்டும் உடுத்திறாத. அயர்லாந்துல அது எதிர்க்கட்சிக் கலராம். பச்சை உடுத்து" என்றாள். எனக்கு இருந்த ஒரே நல்ல பட்டு ஆரஞ்சு. அதை மடித்து வைத்துவிட்டு, கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த பச்சை நைலக்ஸ் சேலையை எடுத்துக்கொண்டேன். இனித் தப்பு நடக்க வழியில்லை என்று ஒரு தைரியம் வந்தது.

மார்ச் 16, சனிக்கிழமை, விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து மலர் அன்ரி பிளாஸ்க்கில் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். "கவனமாப் போட்டு வாங்கோ, பிள்ளை. ஆனா திரும்பி வரேக்க தங்கச்சி காருக்குள்ள இருக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்" என்றார். அன்ரி சொன்னது நடக்க வேண்டுமென்றுதான் நானும் செபமாலை சொல்லிக்கொண்டே போனேன்.

கோல்பர்னை எட்டு மணிக்குத் தாண்டினோம். யாஸில் பெட்ரோல் போட்டோம், கேலன் ஐம்பது காசு. கண்டகாயில் பதினொன்றேகாலுக்கு ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டோம். அதுவரை நல்ல வேகம்தான். சாலையோ மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும். முன்னால் ஒரு லாரி ஊர்ந்தால் அதன் பின்னாலேயே அரை மணி நேரம் நாமும் ஊர வேண்டும். சவரி பொறுமைசாலி. நான் இல்லை. "ஏறிப் போங்களேன்" என்று நான் சொல்லச் சொல்ல, அவர் "உங்க அப்பா உயிரோட போகச் சொன்னாரா, இல்ல சீக்கிரம் போகச் சொன்னாரா?" என்றார்.

ஹோல்புரூக்குக்கு ஆறேழு மைல் முன்னால், எதிரே வந்த லாரியின் சக்கரத்திலிருந்து ஒரு கல் தெறித்தது. டப் என்று ஒரு சத்தம். முன் கண்ணாடி முழுவதும் ஒரே நொடியில் வெள்ளையாகிவிட்டது, சாலையே தெரியவில்லை. சவரி கையை மடக்கி ஓங்கிக் குத்தி ஓட்டை போட்டு, அதன் வழியாகப் பார்த்து வண்டியை ஓரம் கட்டினார். என் மடி முழுக்கக் கல்கண்டு போலக் கண்ணாடித் துண்டுகள். அவர் விரல் முட்டிகளில் ரத்தம். கைக்குட்டையைக் கிழித்துக் கட்டுப் போட்டேன். விருந்துக்கு நாங்கள் போய்ச் சேராவிட்டால் அப்பா கணக்கில் அந்த அம்மாள் கேட்கவில்லை என்றுதான் ஆகும் என்ற நினைப்பே எனக்கு.

மெதுவாக உருட்டிக்கொண்டு ஹோல்புரூக் போய், மூடப்போகிற கராஜ்காரர் ஒருவரைப் பிடித்தோம். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் அந்தக் காலத்தில் ஒரு கடை இருக்காது. கண்ணாடி செவ்வாய்க்கிழமைதான் வரும் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, தற்காலிகமாக மாட்டுகிற பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்றைத் தேடி எடுத்தார்.

"மெல்போர்ன்ல அப்படி என்ன அவசரம்?"

"பத்திரிசியார் திருநாள்" என்றேன்.

என் பொட்டில்லாத நெற்றியையும் சேலையையும் பார்த்தார். "நீங்க ஐரிஷா?"

"இன்னும் இல்லை" என்றார் சவரி. கராஜ்காரர் சிரித்த சிரிப்பில் கூலி வாங்கவில்லை, பிளாஸ்டிக்குக்கு மட்டும் எட்டு டாலர் வாங்கிக்கொண்டார். முப்பது மைல் வேகத்துக்கு மேல் போனால் அது படபடவென்று அடித்துக்கொண்டது. ஆல்பரி போய்ச் சேர ஐந்து மணி ஆகிவிட்டது. மோட்டலில் இருவருக்குப் பன்னிரண்டு டாலர்.

அந்த வேகத்தில் மறுநாள் நேரத்துக்குப் போக முடியாது என்று சவரி பிளாஸ்டிக்கைச் சுற்றிலும் ஒட்டு நாடாவால் இறுக்கினார். ஞாயிறு காலை நாலு மணிக்கே கிளம்பினோம். முர்ரே ஆற்றைக் கடந்தால் விக்டோரியா மாநிலம். வாங்கரட்டா, சீமோர் எதையும் நான் பார்க்கவில்லை, கடிகாரத்தைத்தான் பார்த்தேன். 190 மைலை ஆறு மணி நேரத்தில் ஊர்ந்து, மெல்போர்ன் பிரன்ஸ்விக்கில் ஹோகன் வீட்டார் போகும் கோயில் வாசலில் பத்து மணிக்கு நின்றோம். ரீட்டா வாசலிலேயே நின்றாள். நர்ஸ் குவார்ட்டர்ஸிலிருந்து பெட்டியும் கையுமாக வந்து, அதை ஹோகன் வீட்டு நடையில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

திருப்பலி அழகாக நடந்தது. எல்லார் சட்டையிலும் மூவிலைக் கொத்து குத்தியிருந்தது. நம்ம ஊர் வாய்க்கால் ஓரத்துப் புளியாரை போலவே இருக்கும் அது. பத்திரிசியார் அதைக் காட்டித்தான் மூன்றாள் ஒரே கடவுள் என்று விளக்கினாராம். கிழவர்கள்கூடப் பச்சை டை கட்டியிருந்தார்கள். கடைசிப் பாட்டுக்குப் பாதிப் பேர் கண் கலங்கினார்கள், அயர்லாந்தைக் கண்ணால் பார்க்காதவர்களும்தான். டெஸ்மண்ட் நல்ல பையனாகத் தெரிந்தான். சவரியின் கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் பதறிப்போய், கார் கதவை அவனே திறந்தான். அவன் அம்மா நோரா ஹோகன் உயரமான மனுஷி. பத்தொன்பது வயதில் அயர்லாந்தின் கிராமத்திலிருந்து கப்பல் ஏறி வந்தவர். என்னிடம் கை கொடுத்தார். "பயணம் எப்படி?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் முன்னறையில் உட்கார வைத்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் நாற்காலி நுனியில், பார்வையை மடியில் வைத்து, மரியாதையாக உட்கார்ந்திருந்தோம். பிறத்தியார் வீட்டுக்குப் போனால் அங்கே இங்கே நோட்டம் விடக் கூடாது என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்? நோரா மூன்று தரம் வந்து வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது தரம் முகம் சிவந்திருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஒரு மணிக்குச் சாப்பாடு. மேசை நடுவில், உப்பில் ஊறவைத்து அவித்த ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டு, அதே தண்ணீரில் வெந்த முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. தவசு காலம்! சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரை எங்கள் வீட்டில் கறி சமைக்கிற வழக்கமே இல்லை, ஞாயிறென்றாலும் இல்லை. திருநாள் என்றதும் விருந்து இருக்கும் என்று தெரியும், விருந்தென்றால் கறி இருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லையோ! சவரி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஈஸ்டர் அன்றைக்கு இதையே வைத்தால் சட்டியோடு காலி பண்ணுகிற மனுஷன். இருவரும் ஆளுக்கு இரண்டு உருளைக்கிழங்கை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

நோராவின் தம்பி மிக், அளவில்லாமல் குடித்திருந்தவர், முதலில் வாய் திறந்தார். "நான் அப்பவே சொன்னேன்ல, நோரா? இந்துக்கள். மாடு அவங்களுக்குச் சாமி."

"நாங்க நானூறு வருஷமா கத்தோலிக்கர்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "இது தவசு காலம். நாப்பது நாளும் கறி தொடமாட்டோம். அவ்வளவுதான்."

நோரா முள்கரண்டியைக் கீழே வைத்தார். ரீட்டாவின் தட்டைப் பார்த்தார். அதில் பாதி தின்ற இறைச்சித் துண்டு கிடந்தது. "அப்போ இவளுக்கு மட்டும் தவசு இல்லையா? யார் சொல்றது உண்மை?"

ரீட்டா தலை நிமிர்ந்தாள். என் தங்கை யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. "எனக்கும் தவசுதான் மிஸஸ் ஹோகன். உங்களுக்குப் பயந்து தின்னேன். நாலு மாசமா நீங்க வச்சதையெல்லாம் பயந்துதான் தின்னேன்" என்றாள்.

நோரா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். பின்னாலேயே எழுந்த டெஸ்மண்டை, "உக்காரு" என்று ஒரே சொல்லில் உட்கார வைத்தார். சவரி மெதுவாகத் தமிழில், "பெட்டியை வண்டியில ஏத்திரட்டுமா?" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. 550 மைல் வந்தது இதற்குத்தானா? ஏன் என்று கேட்காமல் திரும்பக் கூடாது என்று நானும் எழுந்து அவர் பின்னாலேயே போனேன்.

நோரா தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நின்றார். நான் சுற்றி வளைக்கவில்லை. எங்கள் ஊரில் பையன் வீட்டார்தான் பெண் கேட்பார்கள், நீங்கள் கேட்பீர்கள் என்று என் அப்பா நாலு மாதமாகக் காத்திருக்கிறார், கேட்காவிட்டால் இன்றைக்கே என் தங்கையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லி முடித்தேன்.

குழாயை மூடினார். "நானா கேக்கணும்?"

"நீங்கதான்."

"எங்க ஊர்ல பொண்ணு வீட்டுக்காரங்கதான் வருவாங்க. வந்து நிலத்தை நடந்து பாப்பாங்க. மாடு எத்தனை, கூரை ஒழுகுதா, கிணத்துல தண்ணி எப்படி, எல்லாம் பாப்பாங்க. பிடிச்சிருந்தா உக்காந்து சாப்பிடுவாங்க. பிடிக்கலைன்னா சாப்பிடாம எழுந்து போயிடுவாங்க." கைத்துண்டை எடுத்து, ஈரமில்லாத கையைத் துடைத்தார். "நவம்பர்ல டெஸ்மண்ட் சொன்னான். கிறிஸ்மசுக்குள்ள வீடு முழுக்கப் பெயின்ட் அடிச்சேன். யாரும் வரல. இன்னைக்கு வந்தீங்க. என் வீட்டைத் திரும்பிக்கூடப் பாக்கல. சாப்பாட்டையும் தொடல."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த அம்மாளை நாலு மாதமாக ராங்கிக்காரி என்று திட்டிக்கொண்டிருந்தேன். அவரோ பெயின்ட் வாசனை போவதற்குள் நாங்கள் வரமாட்டோமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "மிஸஸ் ஹோகன், வீட்டைக் காட்டுங்க. எல்லாத்தையும் பாக்கணும்" என்றேன்.

இந்த ஐம்பது வருஷத்தில் எத்தனையோ ஊர் சுற்றியிருக்கிறேன். அந்த இருபது நிமிஷம் போல எங்கேயும் சுற்றிப் பார்த்ததில்லை. நோரா ஒவ்வொரு அலமாரியையும் திறந்தார். நான் விரிப்புகளைத் தொட்டுப் பார்த்தேன். குளியலறைக் குழாயைத் திறந்து சுடுதண்ணீர் வருகிறதா என்று பார்த்தேன். டெஸ்மண்டின் அறை ஓரத்தில் கூரையில் ஈரக் கறை ஒன்று இருந்தது. "இது ஒழுகுதா?" என்று கேட்டேன். "வர்ற மாசம் சரி பண்ணிடுவேன்" என்றார், பரீட்சை எழுதுகிற பிள்ளையின் பதற்றத்தோடு. கொல்லையில் ஐந்து கோழிகள். ஒவ்வொன்றாக, விரல் விட்டு எண்ணினேன். அவரும் கூடவே நின்று எண்ணினார்.

"எனக்குத் திருப்தி. இப்ப நீங்க கேளுங்க" என்றேன்.

நோரா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தவசு காலத்துல கல்யாணப் பேச்சா? உங்களுக்கே தெரியாதா? பத்திரிசியார் நாள் ஒண்ணைத் தவிர எங்க அம்மா நாப்பது நாளும் கறி, முட்டை, பால் எதுவும் தொடமாட்டா. டீயைக்கூட வெறும் டீயாத்தான் குடிப்பா. அவ இருந்தா என் நாக்கை அறுத்திருப்பா. ஈஸ்டர் முடிஞ்ச மறுநாள் உங்க அப்பாவுக்கு எழுதுறேன். அட்ரஸ் குடுங்க."

எங்கள் ஊரிலும் தவசு காலத்தில் நல்ல காரியம் பேசுவதில்லை. இறைச்சியை மறுத்ததும் நான்தான், தவசைக் காரணம் காட்டியதும் நான்தான். என் வாயாலேயே மாட்டிக்கொண்டேன்.

திரும்பி மேசைக்கு வந்ததும் நோரா ரீட்டாவின் தட்டை எடுத்துவிட்டு, ரொட்டியும் டப்பா மீனும் வைத்தார். எங்களுக்கும் அதையே வைத்தார். தன் தட்டிலிருந்த இறைச்சியை எடுத்து மிக்கின் தட்டில் போட்டுவிட்டு, தானும் மீன் தின்றார். "உனக்கு இது பிடிக்குமா?" என்று ரீட்டாவிடம் கேட்டார். ரீட்டா திக்கித் திணறி, பிடிக்கும் என்றாள்.

சாப்பிட்டு முடித்ததும் சவரி என்னை நடைக்கு இழுத்துக்கொண்டு போனார். பெட்டி அங்கேதான் இருந்தது.

"கேட்டாங்களா?"

"கேக்கல. ஈஸ்டருக்கு அப்புறம் எழுதுறேன்னாங்க."

"மாமா சொன்னது அது இல்லையே, அமலி. கேட்டா விடு, கேக்கலைன்னா கூட்டிட்டு வான்னுதான சொன்னாரு? ஈஸ்டருக்குள்ள இந்த அம்மா மனசு மாறிட்டா?"

அவர் சொன்னது நியாயம்தான். தலை நிமிர்ந்து பார்த்தால் கதவருகே ரீட்டா நிற்கிறாள், முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு. வா என்றால் வந்திருப்பாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "பெட்டியை எடுத்துட்டுப் போய் உன் குவார்ட்டர்ஸ்ல வையி. லீவைக் கேன்சல் பண்ணு" என்றேன். அவள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கோ அப்பாவின் முகம்தான் கண் முன்னே நின்றது.

அன்று ராத்திரி நோரா எங்களைப் போகவிடவில்லை. திங்கள் காலை ஐந்தரைக்குக் கிளம்பும்போது, தவசுக்குப் பழுதில்லாமல் உருளைக்கிழங்கு ரொட்டி சுற்றிக் கொடுத்தார். யாஸில் பெட்ரோல் போடுகிற நேரத்தில், மடியில் ஏர் லெட்டரை வைத்து அப்பாவுக்கு எழுதினேன். "அந்த அம்மாள் தன் வாயால் முறையாகப் பெண் கேட்டார். சம்மதம் சொல்லிவிட்டேன். ரீட்டா அங்கேயே இருக்கிறாள்." சவரி எட்டிப் பார்த்துவிட்டு, பெட்ரோலுக்குப் பணம் கொடுக்கப் போனார். தபால்பெட்டியில் போட்ட பிறகுதான் செய்தது உறைத்தது. இனி நோரா எழுதாமல் போனால், என் தங்கையின் வாழ்க்கையை ஒரு பொய்யை நம்பி விட்டுவிட்டு வந்தவள் ஆவேன். ஈஸ்டர் வரை நான் சரியாகத் தூங்கவில்லை.

இப்போது போகிறவர்களுக்கு. தூரம் ஏறக்குறைய 880 கிலோமீட்டர், நிற்காமல் ஓட்டினால் ஒன்பது மணி நேரம். ஆனால் நிற்காமல் ஓட்டாதீர்கள், ஆல்பரியில் ஒரு ராத்திரி தங்குங்கள். லாரிக்குப் பின்னால் இடைவெளி விட்டுப் போங்கள். இப்போதைய கண்ணாடி எங்கள் காலத்துக் கண்ணாடி மாதிரி மொத்தமாக நொறுங்காது, ஆனாலும் கல் கல்தான். பத்திரிசியார் திருநாள் எப்போதும் மார்ச் 17. அநேகமாக அது தவசு காலத்துக்குள்தான் விழும். ஐரிஷ் வீட்டு விருந்துக்குப் போகிற நம்மவர்கள், கறி தொடமாட்டோம் என்பதை முதல் நாளே போனில் சொல்லிவிடுங்கள். போன இடத்தில் தலையைக் குனிந்து உட்காராதீர்கள். வீட்டைச் சுற்றிப் பாருங்கள், வாய்விட்டுப் பாராட்டுங்கள். நாம் மரியாதை என்று நினைத்து ஒதுங்கி இருப்பது, எதிரில் இருப்பவருக்கு அலட்சியமாகத் தெரியலாம். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு முன் கண்ணாடி போயிற்று.

மே மாதத் தொடக்கத்தில் அப்பாவின் கடிதம் வந்தது. பிரிக்கவே பயமாக இருந்தது. சவரிதான் பிரித்து வாசித்தார். "அன்பு மகள் அமலிக்கு. அந்தத் தாயார் ஈஸ்டருக்கு மறுநாள் எழுதிய கடிதம் கிடைத்தது. பங்குச் சாமியார் மொழிபெயர்த்துச் சொன்னார். 'மார்ச் பதினேழாம் தேதி தவசு காலம் என்பதால் நான் பெண் கேட்கவில்லை, அதற்காக மன்னியுங்கள், இப்போது கேட்கிறேன்' என்று எழுதியிருக்கிறார். நல்ல குடும்பம். ஜூலையில் நாள் பார்க்கச் சொல். நீ கறி தின்னாமல் தவசு காத்ததையும் அவர் புகழ்ந்து எழுதியிருக்கிறார். மகளே, நீ அன்றைக்கு அந்தக் கறியைத் தின்றிருக்கலாம். தவசு காலத்தில் அப்பாவுக்குப் பொய்க் கடிதம் எழுதியதற்கு, இந்த வாரமே சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்."